இராணுவப் பயிற்சிச் சத்தம் பற்றிக் கிராம மன்றத்திடம் முறையிட்டால் பயன் உண்டா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "இங்கிலாந்தில் இராணுவப் பயிற்சி நிலம் ஒன்றுக்கு அருகில் வீடு வாங்கியிருக்கிறோம். பீரங்கிச் சத்தத்தில் யன்னல்கள் அதிர்கின்றன, பிள்ளைகள் விழித்துக்கொள்கிறார்கள். ஊரிலுள்ள பரிஷ் கவுன்சிலிடம் சொன்னால் ஏதாவது நடக்குமா?"

நடக்கும். சத்தத்தை நிறுத்த அந்த மன்றத்தால் முடியாது. ஆனால் எந்த இரவில், எத்தனை மணிவரை அது வரும் என்பது உங்கள் வீட்டுக்கு முன்கூட்டியே தெரியும்படி செய்ய முடியும். இது அற்பமான உதவியாகத் தோன்றலாம். எங்கள் வீட்டில் அது அற்பமாக இருக்கவில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் தென் இங்கிலாந்தில், பயிற்சி நிலம் ஒன்றின் ஓரத்தில் உள்ள சிறிய கிராமத்தில் பதினொரு ஆண்டுகளாக வசிக்கிறேன். குண்டுகள் விழும் பகுதி எங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ 5 மைல் தொலைவு. இரவில் அடிவானத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்ததும் எண்ணத் தொடங்கினால், இருபத்துமூன்றை எட்டும்போது சத்தம் வந்து சேரும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது என்று பள்ளியில் படித்த என் மகள், மாடி யன்னலில் நின்று அதை இப்படித்தான் சரிபார்த்தாள். எனக்கும் மனைவிக்கும் அந்தச் சத்தம் சில மாதங்களில் பழகிவிட்டது. பழகாதவர், எங்களோடு வந்து தங்கிய என் மாமியார்.

மாமி வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். 1990இல் அங்கிருந்து இடம்பெயர்ந்து, 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணமே வெளியேறியபோது மறுபடியும் மூட்டையைக் கட்டியவர். ஷெல் குத்துகிற சத்தத்தையும் அது வந்து விழுகிற சத்தத்தையும் பிரித்தறிந்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள நேரத்துக்குள் பிள்ளைகளைப் பதுங்கு குழிக்குள் இறக்கப் பழகிய தலைமுறை அது. அவர் வந்த முதல் ஜனவரியில், இரவு பத்தரை மணிக்குப் பயிற்சி தொடங்கியது. நான் குசினிக்குப் போனபோது, குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில், இரண்டு கைகளாலும் முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் இருந்தார். "தம்பி, லைற்றை நூருங்கோ, கிட்டத்தான் குத்துறாங்கள்" என்றார். இது பயிற்சி, இங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை என்று நான் சொன்னதை அவருடைய அறிவு ஏற்றுக்கொண்டது, கைகள் ஏற்றுக்கொள்ளவில்லை. அடுத்த கிழமையே கிராம மன்றக் கூட்டத்துக்குப் போனேன்.

போவதற்கு முன் சட்டத்தைத் தெரிந்துகொண்டிருந்தால் ஒரு கூட்டம் மிச்சமாகியிருக்கும். ஆகவே அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அயல்வீட்டு இசையோ தொழிற்சாலை இயந்திரமோ தாங்க முடியாத சத்தம் எழுப்பினால், 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 79ஆம் பிரிவின்கீழ் மாவட்ட அளவிலான உள்ளூராட்சி மன்றம் அதைச் சட்டப்படியான தொல்லை என்று அறிவித்து நிறுத்தச் சொல்லலாம். அதே பிரிவு, தரைப்படை, கடற்படை, வான்படைத் தேவைகளுக்காக அரசின் கையில் உள்ள இடங்களிலிருந்து வரும் சத்தத்துக்கு அந்த விதி பொருந்தாது என்று வெளிப்படையாகவே விலக்களிக்கிறது. விமானச் சத்தத்துக்கும் தனியே விலக்கு உண்டு. எனவே சுகாதார அதிகாரி ஒலிமானியுடன் வந்து நின்றாலும், அவர் கையில் நடவடிக்கை எடுக்க ஓர் ஆயுதமும் இல்லை. பரிஷ் கவுன்சிலுக்கோ அந்த அதிகாரம் தொடக்கத்திலிருந்தே கிடையாது. 1894ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாக்கப்பட்ட, இங்கிலாந்தின் மிகக் கீழ்மட்ட ஆட்சி அமைப்பு அது. நம் ஊர்ப் பிரதேச சபையைவிடவும் சிறியது. விளையாட்டுத் திடல், மயானம், பேருந்துத் தரிப்பிடம், அறிவித்தல் பலகை ஆகியவற்றோடு அதன் அன்றாட வேலை பெரும்பாலும் முடிந்துவிடும்.

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று தோன்றும். போனவர்கள் உண்டு. விட்டரிங் வான்படைத் தளத்தின் ஹாரியர் விமானங்கள் தங்கள் தோட்ட மாளிகையின் மேலே பறந்ததற்காக ஒரு தம்பதியர் தொடுத்த வழக்கில், 2003இல் உயர் நீதிமன்றம் அந்தச் சத்தம் தொல்லைதான் என்று ஏற்றுக்கொண்டது. ஆயினும் நாட்டின் பாதுகாப்பு கருதிப் பறப்பை நிறுத்த மறுத்து, 950,000 பவுண் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. பொது நன்மைக்காக எழும் சுமையை ஒரு குடும்பம் மட்டும் தாங்கக் கூடாது என்ற அந்த நியாயத்தை நான் முழு மனத்தோடு மதிக்கிறேன். ஆனால் பெரிய சொத்துக்காரர்களால் மட்டுமே நடந்து முடிக்கக்கூடிய வழி அது. நாற்பது வீடுகள் உள்ள தெருவுக்கு அது உதவாது.

எங்கள் ஊர்க் கூட்டம் தேவாலயத்துக்குப் பக்கத்திலுள்ள பொது மண்டபத்தில் நடந்தது. கூட்டத்தின் தொடக்கத்தில் ஊரவர்கள் பேசக் கால் மணி நேரம் ஒதுக்குவார்கள். நான் எழுந்து, மாமியின் கதையைச் சொல்லாமல், இரவுநேரச் சத்தம் பற்றி மட்டும் பேசினேன். பின்வரிசையிலிருந்த ஒருவர், பீரங்கிப் படையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்து ஓய்வுபெற்றவர், தெரிந்துகொண்டுதானே இங்கே வீடு வாங்கினீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வியில் பகை இருக்கவில்லை. இரவில் சுடப் பழகாத படையினரைப் போருக்கு அனுப்புவது அவர்களைக் கொல்வதற்குச் சமம் என்றும், கோடையில் இருட்டுவதற்கே பத்து மணியாகிவிடுவதால் பயிற்சி நள்ளிரவைத் தாண்டுவதைத் தவிர்க்க முடியாது என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். ஆடு வளர்க்கும் ஒருவர், குட்டி ஈனும் மாதங்களில் ஹெலிகொப்டர்கள் தாழப் பறப்பதுதான் தனக்குப் பிரச்சினை, பீரங்கி அல்ல என்றார். அன்றுதான் ஒன்றைக் கவனித்தேன்: சத்தம் என்று நாங்கள் எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னாலும், ஆளுக்கொரு சத்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

மன்றத்தின் எழுதுவினைஞர், கிழமைக்குப் பன்னிரண்டு மணி நேரம் மட்டும் சம்பளம் பெறும் ஒரு பெண், இதை நன்றாகப் புரிந்துகொண்டார். ஒற்றைத் தாளில் ஒரு படிவம் தயாரித்து எல்லா வீடுகளுக்கும் கொடுத்தார். திகதி, நேரம், என்ன கேட்டது, வீட்டுக்குள்ளா வெளியிலா, யன்னல் அதிர்ந்ததா, காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது: ஆறு கட்டங்கள், அவ்வளவுதான். மூன்று மாதங்கள் நிரப்பினோம். பிறகு அவர் அவற்றைப் பயிற்சி நிலத்தின் சுடுநேர அறிவிப்புகளோடு ஒப்பிட்டார். முறைப்பாடுகள் மிகுந்த இரவுகள், மிக அதிகமாகச் சுட்ட இரவுகளாக இருக்கவில்லை. காற்று அசையாத, வானம் தெளிந்த, குளிர்ந்த இரவுகளே அவை.

இதற்குக் காரணம் எளிய இயற்பியல். அத்தகைய இரவில் நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலேயுள்ள காற்று வெப்பமாகவும் இருப்பதால், மேலே சென்று கலைந்துவிட வேண்டிய ஒலி வளைந்து நிலத்துக்கே திரும்புகிறது. நம் பக்கம் காற்று வீசினாலும் அப்படித்தான். மேலும் பீரங்கி ஒலியின் பெரும்பகுதி மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்டது; காதால் கேட்பதைவிட யன்னல் சட்டத்தாலும் நெஞ்சாலும் அதை அதிகம் உணர்கிறோம். வழக்கமான ஒலிமானியில் எங்கும் பயன்படும் 'ஏ' அளவீடு மனிதக் காதுக்கு ஏற்பத் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே கணக்கிடுவதால், அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுக்கும்போதும் எண் சிறிதாகவே வரும். கைத்தொலைபேசிச் செயலியில் எடுத்த அளவைக் கொண்டு வாதாடப் போகாதீர்கள். உங்கள் எண்ணைக் கொண்டே உங்களை மறுத்துவிடுவார்கள். கண்ணாடி அதிர்வதற்கும் உடைவதற்கும் இடையிலுள்ள தூரம் பெரிது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் வெடிப்பு என்று காட்டப்பட்ட இரண்டு சுவர்களும் களிமண் நிலம் கோடையில் சுருங்கியதால் வெடித்தவை. உண்மையான சேதம் என்று நம்பினால் பாதுகாப்பு அமைச்சிடம் இழப்பீடு கோர வழி உண்டு. அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் வேண்டும்.

அந்தப் பதிவேட்டோடு மன்றம் பயிற்சி நிலப் பொறுப்பதிகாரியைக் கூட்டத்துக்கு அழைத்தது. தனித்தனியாக நாங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கு ஒரேவகைப் பதில்தான் வந்திருந்தது. மன்றத்தின் கடிதத்துக்கோ ஆளே வந்தார். நிறுத்துங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை; அப்படிக் கேட்டிருந்தால் பேச்சு அன்றே முடிந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். மூன்று வேண்டுகோள்கள் வைத்தோம். சுடுநேர அட்டவணை மாதத் தொடக்கத்திலேயே மன்றத்துக்கு வர வேண்டும். இரவிலும் ஒருவர் எடுத்துப் பேசும் தொலைபேசி எண் வேண்டும். பாடசாலைப் பரீட்சை நடக்கும் கிழமைகளில் இரவுச் சூடு பதினொரு மணியோடு நிற்க வேண்டும். முதல் இரண்டும் கிடைத்தன. மூன்றாவது கிடைக்கவில்லை. அதிகாரியிடம் சரியான கேள்விகளைக் கேட்டு, மழுப்பலான பதில்களை விடாமல் துருவியவர் அந்த ஓய்வுபெற்ற பீரங்கிப் படைவீரர்தான். எந்தப் பயிற்சியை நேரம் மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்பது மண்டபத்தில் அவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

கிராமம் ஒன்றின் குரலுக்கு இவ்வளவு மதிப்புத் தருவதற்கு எனக்கு வேறொரு காரணமும் உண்டு. வில்ட்ஷயரில் சோல்ஸ்பரி சமவெளி என்ற பெரிய பயிற்சி நிலம் இருக்கிறது. 1897 முதல் இராணுவத்துக்காக நிலம் வாங்கி வாங்கி, ஏறத்தாழ 38,000 ஹெக்டேர் வரை விரிந்தது. அதன் நடுவில் இம்பர் என்றொரு ஊர். 1943 நவம்பர் 1ஆம் திகதி ஊரவர்களைப் பாடசாலையில் கூட்டி, 47 நாட்களுக்குள் வெளியேறச் சொன்னார்கள். டிசம்பர் 17உடன் ஊர் காலியானது. போர் முடிந்ததும் திரும்பலாம் என்று நம்பிச் சென்ற ஏறத்தாழ 150 பேரில் எவரும் அங்கே மீண்டும் குடியேறவில்லை. ஆண்டில் சில நாட்கள் மட்டும் பாதையைத் திறந்து, தேவாலயத்தில் வழிபட விடுகிறார்கள். ஒரு கோடையில் மாமியை அங்கே கூட்டிச் சென்றேன். கூரையில்லாத வீடுகளைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்தது. நெடுநேரம் பார்த்துவிட்டு, "எங்கட வளவும் உப்பிடித்தான் கிடந்தது" என்றார். உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன தன் காணியைத்தான் அவர் சொன்னார்.

உங்கள் ஊரில் என்ன செய்யலாம் என்று கேட்டால், முதலில் எழுதுவினைஞரோடு பேசுங்கள், தவிசாளரோடு அல்ல. நிகழ்ச்சிநிரலைத் தயாரிப்பவர் அவரே. கூட்ட அறிவித்தல் குறைந்தது மூன்று முழு நாட்களுக்கு முன் ஒட்டப்பட வேண்டும். ஆகவே கூட்டத்தன்று போய்த் தீர்மானம் கேட்டால் எதுவும் நிறைவேறாது. மன்றம் அசையாவிட்டால், வாக்குரிமை உள்ள ஆறு பேர் சேர்ந்து ஊர்க் கூட்டத்தையே கூட்டச் சட்டம் இடம் தருகிறது. தாழப் பறக்கும் விமானங்களுக்கு வேறு வழி. அதற்கென்றே பாதுகாப்பு அமைச்சில் தனி முறைப்பாட்டுப் பிரிவு இருக்கிறது, பீரங்கி பற்றிய முறைப்பாட்டோடு கலக்காதீர்கள். கேட்ட அட்டவணை வராவிட்டால், 2000ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். சோல்ஸ்பரி சமவெளிக்கான சுடுநேர அறிவிப்பு எல்லோரும் பார்க்கும்படி வெளியாகிறது. உங்கள் பக்கத்துப் பயிற்சி நிலத்துக்கும் அப்படி உண்டா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

இப்போது மாதத்தின் முதல் கிழமையில் எங்கள் வீட்டுக்கு அந்த அட்டவணை வருகிறது. மகள் அதைத் தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுவாள். மாமி தன் நாட்காட்டியில் இரவுச் சூடு உள்ள நாட்களைச் சிவப்புப் பேனையால் வட்டமிடுவார். அந்த இரவுகளில் அவர் இன்னமும் உறங்குவதில்லை. ஆனால் தரையில் போய் இருப்பதும் இல்லை. குசினி லைற்றைப் போட்டுவிட்டு, தேத்தண்ணியோடு மேசையில் இருந்து, தாளில் எழுதியிருக்கும் மணி ஆகும்வரை பின்னல் வேலை செய்வார். கடைசி வெடி ஓய்ந்து, மணியும் சரியாக இருந்தால், "முடிச்சிட்டாங்கள்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போவார்.