ஸ்கிராட்ச் வகுப்பைப் பாபநாசம் அணையிலிருந்து தொடங்கலாம்

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் நடுநிலைப் பள்ளியில் 7-ம் வகுப்புக்குக் கணினி எடுக்கிறேன். வீடியோ பார்த்து ஸ்கிராட்ச்சில் (பிளாக் எனப்படும் கட்டளைத் துண்டுகளை அடுக்கி நிரல் எழுதும் மென்பொருள்) பூனை விளையாட்டெல்லாம் செய்துவிடுகிறார்கள். சொந்தமாகச் செய்யச் சொன்னால் கை ஓடவில்லை. 40 பேருக்கு 10 கணினிதான். என்ன செய்யலாம்?

பதில்: வீடியோவைப் பார்த்து பிளாக்கை இழுத்து ஒட்டும்போது, எந்த பிளாக் எதற்கு என்று யோசிக்க வேண்டிய அவசியமே பிள்ளைகளுக்கு வருவதில்லை. அதனால் வரிசையை மாற்றுங்கள். நிரலை ஓட்டும் முன்பே என்ன நடக்கும் என்று தாளில் எழுதட்டும். பிறகு ஓட்டிப் பார்த்து, ஒரே ஒரு எண்ணை மாற்றட்டும். சொந்தமாகச் செய்வது அதற்கப்புறம்தான்.

தாள் வேலை இருப்பதால் 10 கணினி போதும். 20 பேர் தாளில் எழுத, 20 பேர் இருவர் இருவராகக் கணினியில் உட்காரட்டும். ஒருவர் கையில் மவுஸ், மற்றவர் சொல்வதை மட்டுமே அவர் செய்ய வேண்டும். பாதி வகுப்பில் மாற்றிவிடுங்கள். ஸ்கிராட்ச் செயலியை ஒருமுறை இறக்கி பென்டிரைவ் வழியாக நிறுவிவிட்டால் நெட் தேவையில்லை.

பாபநாசம் அணை 143 அடி என்பது உங்கள் பிள்ளைகள் காதில் அடிக்கடி விழும் எண். அதையே பாடமாக்குங்கள். ‘நீர்மட்டம்’ என்று ஒரு வேரியபிள், அதாவது மாறும் எண்ணை வைத்திருக்கும் பெட்டி (தமிழ்ப் பெயரை ஏற்றுக்கொள்ளும்). பச்சைக்கொடி (நிரலை ஓட்டும் பொத்தான்) அழுத்தியதும் ‘செட்’ மூலம் அதை 100 ஆக்குங்கள். கீழே ‘ஃபாரெவர்’ (உள்ளே இருப்பதைத் திரும்பத் திரும்ப ஓட்டும்), அதற்குள் ‘சேஞ்ச்’ 1 (நீர்மட்டத்தில் 1 கூட்டும்), பிறகு ஒரு ‘இஃப்-எல்ஸ்’ (நிபந்தனை சரியென்றால் ஒன்று, இல்லையென்றால் இன்னொன்று), கடைசியில் ‘வெயிட்’ 1 நொடி. நீர்மட்டம் 142-ஐத் தாண்டினால் ‘மதகு திறந்தாச்சு’ என்று ‘சே’ (திரையில் எழுத்தைக் காட்டும் பிளாக்) சொல்லி, 3 குறைய வேண்டும். இல்லையென்றால் ‘சே’ காலியாக இருக்கட்டும். காலி ‘சே’ இல்லாவிட்டால் மதகு மூடிய பிறகும் அந்த எழுத்து திரையில் நின்றுகொண்டே இருக்கும். நிஜ அணையில் நீர்வரத்து கன அடிக் கணக்கு. பாடத்துக்கு நொடிக்கு ஒரு அடி போதும்.

இப்போது கேளுங்கள்: 142-க்கு அடுத்து திரையில் என்ன எண் வரும்? பெரும்பாலும் 143 என்பார்கள். வருவது 140. 143 ஆனதுமே 3 குறைந்துவிடுகிறது, நடுவில் ‘வெயிட்’ இல்லை. ஒவ்வொரு வரிக்கும் நீர்மட்டம் எவ்வளவு என்று தாளில் கட்டம் போட்டு எழுதியவர்களுக்கு இது பிடிபடும். இந்தக் கட்டத்துக்குத் தாராளமாக நேரம் கொடுங்கள்; கணினிச் சிந்தனை வளர்வது இங்கேதான்.

அடுத்து, நிபந்தனையை ‘=143’ என்று மாற்றச் சொல்லுங்கள். சரியாகவே ஓடும். உடனே நீர்வரத்தை, அதாவது ‘சேஞ்ச்’ எண்ணை, 2 ஆக்குங்கள்: 140, 142, 144… 143 வராமலே தாண்டிப்போய், மதகு திறக்கவே திறக்காது. ஏன் ‘>’ வேண்டும் என்பதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

வழக்கமாக வரும் தப்புகள் இரண்டு. ஒன்று, ‘இஃப்’பை ‘ஃபாரெவர்’ மேலே வைப்பது. 100-ல் ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டுப் போய்விடும். இன்னொன்று, தொடக்க ‘செட்’டை மறப்பது, மறுபடி கொடி அழுத்தினால் பழைய எண்ணிலிருந்தே ஓடும். மதிப்பெண்ணுக்கு இதில் ஒரு தப்பை வேண்டுமென்றே வைத்துக் கொடுத்து, எங்கே, ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். திரை அழகுக்கு மதிப்பெண் வேண்டாம்.

இது கைவந்தபின் மணிமுத்தாறு, 118 அடி. ஸ்பிரைட்டை (திரையில் உள்ள உருவம், அதன் நிரலோடு) நகலெடுத்து எண்ணை மாற்றினால் போதும் என்று நினைப்பார்கள். ஆனால் வேரியபிள் எல்லா ஸ்பிரைட்டுக்கும் பொதுவாக இருந்தால் இரண்டு அணையும் ஒரே நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைக்கும். 118 பக்கத்திலேயே மணிமுத்தாறு மதகு திறந்து குறைத்துவிடுவதால் பாபநாசம் நிரம்பவே நிரம்பாது. வேரியபிளை உருவாக்கும்போதே ‘இந்த ஸ்பிரைட்டுக்கு மட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு நகலெடுக்க வேண்டும்.