கான்ஃபரன்ஸ் இல்லாத அணிக்கு டிவி பணம் எப்படி வருகிறது? – கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் தனித்து ஆடும் அணிகளைப் பற்றியும் அவற்றின் ஒளிபரப்பு வருமானத்தைப் பற்றியும் வந்த கேள்விகளுக்குப் பதில்கள். தொகைகள் எல்லாம் அமெரிக்க டாலரில்.

கேள்வி: ‘இன்டிபென்டன்ட்’ அணி என்றால் என்ன? இப்போது எத்தனை இருக்கின்றன?

கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் ஆடி, டிவி உரிமையைச் சேர்ந்து விற்கும் கல்லூரிகளின் கூட்டமைப்பு. அப்படி எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராமல், 12 ஆட்டங்களையும் தானே பேசி முடித்து ஆடும் அணி. மேல்மட்டப் பிரிவான எஃப்பிஎஸ்ஸில் 130க்கும் மேற்பட்ட அணிகள் உள்ளன. 2025 சீசனில் அப்படித் தனியாக ஆடியவை இரண்டே இரண்டு: நோட்டர் டேம், கனெக்டிகட் பல்கலைக்கழகமான யூகான்.

இந்த இரண்டும் ஃபுட்பாலில் மட்டும்தான் தனி. கூடைப்பந்து முதலிய மற்ற ஆட்டங்களுக்கு நோட்டர் டேம் ஏசிசி என்ற கான்ஃபரன்ஸிலும் யூகான் பிக் ஈஸ்ட் என்ற கான்ஃபரன்ஸிலும் இருக்கின்றன. இதை மறந்துவிட்டுக் கணக்குப் போட்டால் எல்லாமே தப்பாகத்தான் வரும்.

கேள்வி: சார், ஐபிஎல் உரிமையை பிசிசிஐ மொத்தமாக விற்கிறது. இங்கே கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அப்படிச் செய்வதில்லையா?

1984 வரை செய்தது. எந்த ஆட்டம் டிவியில் வரலாம், ஓர் அணி எத்தனை முறை வரலாம் என்பதெல்லாம் அதன் கையில் இருந்தது. ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் வழக்குப் போட்டன. போட்டியைத் தடுக்கும் ஏற்பாடு இது என்று உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து வழக்கமான சீசன் ஆட்டங்களின் உரிமை கல்லூரிகளிடம் வந்தது. கூடைப்பந்தின் மார்ச் மாதத் தொடர் போன்ற தன் சாம்பியன்ஷிப் தொடர்களை இன்றும் என்சிஏஏதான் விற்கிறது.

தீர்ப்புக்குப் பிறகு பெரிய கல்லூரிகள் பல ஒன்றுகூடி ‘காலேஜ் ஃபுட்பால் அசோசியேஷன்’ மூலம் உரிமையை விற்றன. 1990இல் நோட்டர் டேம் அதிலிருந்து விலகித் தன் சொந்த மைதான ஆட்டங்களை என்பிசி டிவிக்குத் தனியாக விற்றது. ஒளிபரப்பு 1991இல் தொடங்கியது. அதோடு மற்றவர்களும் தங்கள் வழியைத் தேடினார்கள். அதுவரை தனியாக இருந்த பென் ஸ்டேட் பிக் டென்னுக்கும், ஃபுளோரிடா ஸ்டேட் ஏசிசிக்கும், மயாமி பிக் ஈஸ்டுக்கும், தென் கரோலினா எஸ்இசிக்கும் என வெவ்வேறு கான்ஃபரன்ஸுகளில் போய்ச் சேர்ந்தன. இன்று நாம் பார்க்கும் கான்ஃபரன்ஸ் சந்தைக்கு வித்து விழுந்தது அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில்தான்.

கேள்வி: நோட்டர் டேம் ஆட்டம் சில வாரம் என்பிசியில் வருகிறது, சில வாரம் ஏபிசியில் வருகிறது. உரிமை உண்மையில் யாருடையது?

யார் மைதானத்தில் ஆட்டமோ, உரிமை அவர்களுடையது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 2025இல் நோட்டர் டேம் மயாமிக்குப் போய் ஆடியது. மயாமி ஏசிசி அணி, ஏசிசியின் உரிமை ஏபிசியும் அடங்கிய இஎஸ்பிஎன் குழுமத்திடம், ஆகவே ஆட்டம் ஏபிசியில் வந்தது. இரண்டு வாரம் கழித்து டெக்சஸ் ஏ அண்ட் எம் நோட்டர் டேமின் ஊரான சவுத் பெண்டுக்கு வந்தது, அது என்பிசியில். வந்த அணி எஸ்இசியைச் சேர்ந்தது என்பதால் இஎஸ்பிஎன் அதில் உரிமை கோர முடியாது.

பொது இடத்தில் நடக்கும் ஆட்டங்களுக்கு, யார் ‘ஹோம்’ என்று ஒப்பந்தத்தில் எழுதியே வைப்பார்கள். 2024இல் நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் ராணுவக் கல்லூரி அணியான ஆர்மியோடு நடந்தது நோட்டர் டேமின் ‘ஷாம்ராக் சீரிஸ்’ ஆட்டம். கணக்கில் அது அவர்களின் சொந்த ஆட்டம், அதனால் என்பிசிக்குப் போனது.

அப்படியானால், தனி அணியிடம் விற்கும் சரக்கு வருடத்துக்கு 6 அல்லது 7 ஆட்டம்தான். யார் வந்து ஆடுகிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் விலை ஏறும், இறங்கும். பெரிய அணியைச் சொந்த மைதானத்துக்கு வரவைக்க முடியாத தனி அணிக்கு விற்க ஒன்றும் இருக்காது.

கேள்வி: பிக் டென் ஓர் அணிக்கு 60 மில்லியனுக்கு மேல் தருகிறது. நோட்டர் டேம் ஏன் சேரவில்லை? வெறும் கௌரவப் பிரச்சினையா?

கௌரவமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கணக்கு அவ்வளவு மோசமாக இல்லை. வருமானம் மூன்று வாய்க்கால்களில் வருகிறது.

முதலாவது என்பிசி. ஒப்பந்தம் 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. தனியார் பல்கலைக்கழகம் என்பதால் தொகையை வெளியிடவில்லை. இணையத்தில் சுற்றும் எண்களை உறுதியானவையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது ஏசிசி. 2013 முதல் மற்ற விளையாட்டுகளுக்கு அங்கே உறுப்பினர். பதிலுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 5 ஃபுட்பால் ஆட்டங்களை ஏசிசி அணிகளோடு ஆட வேண்டும். 2022-23 நிதியாண்டில் முழு உறுப்பினர்களுக்குச் சராசரி 45 மில்லியன் அளவில் கிடைத்தபோது நோட்டர் டேமுக்கு 22 மில்லியன் அளவில் கிடைத்தது. ஃபுட்பால் உரிமையைக் கொடுக்காமலே பாதிப் பங்கு.

மூன்றாவது, தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் தொடரின் பணம். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இவற்றைக் கூட்டினாலும் பிக் டென்னின் முழுப் பங்கை எட்டுவது கடினம் என்பதே என் கணிப்பு. அந்த இடைவெளியைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்: கலிஃபோர்னியாவிலிருந்து பாஸ்டன் வரை ஆடலாம், வீரர்களை நாடு முழுவதும் தேடலாம், பழைய மாணவர்களின் நன்கொடையும் அதனோடு பிணைந்திருக்கிறது. இன்னொரு பூட்டும் இருக்கிறது. 2036க்குள் ஃபுட்பாலுக்காக ஒரு கான்ஃபரன்ஸில் சேர்வதென்றால் அது ஏசிசியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்களின் உடன்பாடு. பிக் டென் நாளைக்கே கதவைத் திறந்தாலும் சட்டென்று நுழைய முடியாது.

கேள்வி: 2020இல் மட்டும் ஏசிசியில் ஆடினார்களே, அப்போது என்பிசி பணம் என்ன ஆனது?

பொதுப் பானையில் போட்டார்கள். கொரோனாவால் மற்ற கான்ஃபரன்ஸுகள் தங்களுக்குள் மட்டும் ஆட முடிவெடுத்தபோது நோட்டர் டேமின் அட்டவணை சரிந்தது. ஏசிசி ஒரு வருடத்துக்கு முழு உறுப்பினராக ஏற்றது. என்பிசி வருமானம் உட்பட எல்லாவற்றையும் 15 அணிகளும் சமமாகப் பிரித்தன. கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டம் வரை போய் கிளெம்சனிடம் 34-10 என்று தோற்றார்கள்.

கேள்வி: பிளேஆஃப் பணத்தில் தனி அணிக்கு லாபம் என்கிறார்களே, எப்படி?

2024 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். 12 அணி பிளேஆஃபில் நுழைந்தால் 4 மில்லியன், காலிறுதிக்கு 4, அரையிறுதிக்கு 6, இறுதிக்கு 6. நோட்டர் டேம் இண்டியானா, ஜார்ஜியா, பென் ஸ்டேட் மூன்றையும் வென்று இறுதியில் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 34-23 என்று தோற்றது. மொத்தம் 20 மில்லியன். கான்ஃபரன்ஸ் அணிக்கு இந்தப் பணம் முதலில் கான்ஃபரன்ஸுக்குப் போய், அதன் விதிப்படிதான் பிரியும். நோட்டர் டேமுக்கு முழுவதும் கையில்.

2026 முதல் இஎஸ்பிஎன் ஆண்டுக்கு 1.3 பில்லியன் தரும் புதிய ஒப்பந்தம். அதில் பிக் டென்னும் எஸ்இசியும் ஆளுக்கு ஏறத்தாழ 29 சதவீதம், ஏசிசி 17 சதவீதம், ‘பிக் 12’ கான்ஃபரன்ஸ் 15 சதவீதம். நோட்டர் டேமுக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகம், அதாவது ஆண்டுக்கு 12 மில்லியன் அளவில் வரும் என்றும், பிளேஆஃபில் நுழைந்தால் கூடுதலாக 6 மில்லியன் வரும் என்றும் செய்திகள் வெளியாகியிருக்கின்றன. நிலையான பகுதி கூடியது. ஓடி ஓடிச் சம்பாதிக்கும் பகுதி குறைந்தது.

இழப்பும் இருக்கிறது. கான்ஃபரன்ஸ் சாம்பியன் என்ற நேர் நுழைவு தனி அணிக்குக் கிடையாது. 2024 விதிப்படி முதல் சுற்று ஓய்வு சாம்பியன்களுக்கு மட்டும். முதலிடத்தில் இருந்திருந்தாலும் நோட்டர் டேமுக்குக் கிடைத்திருக்காது. 2025இல் அந்த விதி மாறியது. ஆனால் அதே ஆண்டு 10-2 என்று முடித்த நோட்டர் டேமைப் பிளேஆஃப் தேர்வுக் குழு வெளியே விட்டது. முதல் இரண்டு ஆட்டங்களை மொத்தம் 4 புள்ளி வித்தியாசத்தில் இழந்ததற்கு, ஈடுகட்ட ஒரு சாம்பியன்ஷிப் ஆட்டம்கூட அவர்களிடம் இல்லை.

கேள்வி: அண்ணா, யூகான் எதை நம்பித் தனியாகப் போனது?

ஃபுட்பாலை நம்பி அல்ல, கூடைப்பந்தை நம்பி. 2019இல், யூகான் அப்போது இருந்த அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் இஎஸ்பிஎன்னோடு 12 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. ஓர் அணிக்கு ஆண்டுக்குச் சுமார் 7 மில்லியன். பல ஆட்டங்கள் சந்தா கட்டிப் பார்க்கும் தளத்துக்குப் போயின. யூகான் 17 மில்லியன் விலகல் கட்டணம் கொடுத்து 2020இல் பிக் ஈஸ்டுக்குத் திரும்பியது. பிக் ஈஸ்டில் ஃபுட்பால் இல்லை. அதனால் ஃபுட்பால் தனியானது. சொந்த ஆட்டங்களை சிபிஎஸ் ஸ்போர்ட்ஸ் நெட்வொர்க்குக்கு விற்றார்கள். ஆண்கள் கூடைப்பந்தில் 2023, 2024 இரண்டு ஆண்டும் தேசியப் பட்டம். ஃபுட்பால் டிவி பணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நஷ்டம். மொத்தத் துறையையும் வைத்துப் பார்த்தால் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

கேள்வி: சிறிய அணி தனியாக நின்றால் அட்டவணை போடுவதில் என்ன சிக்கல்?

முக்கியமான கேள்வி. சிக்கல் அக்டோபர், நவம்பரில். பிக் டென்னும் பிக் 12உம் 9 ஆட்டங்களைத் தங்களுக்குள் ஆடுகின்றன. எஸ்இசியும் 2026 முதல் அப்படியே. மிச்சம் 3 இடம், அவை பெரும்பாலும் செப்டம்பரில். அந்த மாதத்தில் உங்களோடு ஆட ஆள் வரிசையில் நிற்கும். நவம்பரில் தேடித் திரிய வேண்டும். 1926இல் தொடங்கிய யூஎஸ்சி – நோட்டர் டேம் தொடரே 2026இல் இல்லை என்றால், மற்றவர்கள் நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் மூன்று வகை. ஆளுக்கொரு முறை வந்து போவது ஒன்று. இரண்டு முறை போய் ஒரு முறை வரவைப்பது இன்னொன்று. பணம் வாங்கிக்கொண்டு ஒரே முறை போய் ஆடுவது மூன்றாவது. 2024 செப்டம்பரில் நோட்டர் டேம் 1.4 மில்லியன் கொடுத்து நார்தர்ன் இல்லினாயை வரவழைத்து 16-14 என்று அதனிடமே தோற்றது. அது மூன்றாம் வகை. இதை அதிகம் நம்பினால் பணம் வரும், ஆனால் சொந்த மைதான ஆட்டம் குறையும், அதோடு டிவிக்கு விற்கும் சரக்கும் குறையும். தோல்விகள் கூடும். சீசன் முடிந்ததும் நடக்கும் பவுல் ஆட்டத்துக்குத் தேவையான 6 வெற்றி எட்டாமல் போகும். கீழ்ப்பிரிவான எஃப்சிஎஸ் அணியை வென்றது ஆண்டுக்கு ஒன்றுதான் கணக்கில் சேரும். எஃப்பிஎஸ் அணிகளோடு குறைந்தது 5 சொந்த மைதான ஆட்டமும் வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் ஐந்து பிரிவுகளைப் படிக்க வேண்டும்: ரத்து செய்தால் எவ்வளவு இழப்பீடு, எந்தத் தேதிக்குள் சொன்னால் குறைவு, ஆட்ட நாளை டிவி மாற்றினால் யார் சம்மதம் வேண்டும், எதிரணி கான்ஃபரன்ஸ் மாறினால் ஒப்பந்தம் நிற்குமா, இயற்கைச் சீற்றம், தொற்றுநோய்க்கான விலக்கு எப்படி எழுதப்பட்டிருக்கிறது. 2020இல் கடைசிப் பிரிவு, அப்போது தனி அணியாக இருந்த பிஒய்யூவைக் கடுமையாகப் பாதித்தது. பெரிய கான்ஃபரன்ஸ் அணிகள் எல்லாம் விலக, மிச்ச அணிகளைத் தேடி அட்டவணையைப் புதிதாகக் கட்டினார்கள். டிசம்பரில் சில நாள் அவகாசத்தில் கோஸ்டல் கரோலினாவுக்குப் பறந்து ஆடிய ஆட்டம்தான் அந்த சீசனின் ஒரே தோல்வி.

பவுல் ஆட்டங்களும் அப்படியே. கான்ஃபரன்ஸுகளுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். தனி அணி தானே போய்ப் பேச வேண்டும், இல்லையென்றால் யாரோ 6 வெற்றி எடுக்காமல் காலியான இடத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

கேள்வி: மற்ற தனி அணிகள் எங்கே போயின?

நேவி 2015இல் அமெரிக்கனுக்கு. பிஒய்யூ 2023இல் பிக் 12க்கு. லிபர்ட்டியும் நியூ மெக்சிகோ ஸ்டேட்டும் அதே ஆண்டு கான்ஃபரன்ஸ் யூஎஸ்ஏவுக்கு. ஆர்மி 2024இல் அமெரிக்கனுக்கு, ஃபுட்பாலுக்கு மட்டும். அதன் சொந்த ஆட்டங்கள் இன்னும் சிபிஎஸ் ஸ்போர்ட்ஸ் நெட்வொர்க்கில்தான், ஆர்மி – நேவி ஆட்டமும் கான்ஃபரன்ஸ் கணக்கில் சேராது. யூமாஸ் 2025இல் மேக் கான்ஃபரன்ஸுக்குத் திரும்பியது.

கேள்வி: விலகல் கட்டணம், ‘கிராண்ட் ஆஃப் ரைட்ஸ்’ – இரண்டும் ஒன்றா?

இல்லை. விலகல் கட்டணம் பணத்தைக் கட்டினால் தீரும். கிராண்ட் ஆஃப் ரைட்ஸ் என்பது உங்கள் சொந்த மைதான ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையை இத்தனை ஆண்டுக்குக் கான்ஃபரன்ஸுக்கு எழுதிக் கொடுப்பது. விலகிய பிறகும் அந்த உரிமை பழைய இடத்திலேயே இருக்கும். உரிமையே இல்லாத அணியைப் புதிய கான்ஃபரன்ஸ் ஏன் எடுக்கும்? ஃபுளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் ஏசிசியோடு வழக்காடியது இதற்காகத்தான். 2025 மார்ச்சில் சமரசம்: டிவி பணத்தின் ஒரு பகுதி பார்வையாளர் எண்ணிக்கைப்படி பிரியும், விலகும் செலவு ஆண்டுதோறும் குறைந்து 2030-31இல் 75 மில்லியனுக்கு வரும்.

கேள்வி: புதிதாக மேலே வரும் கல்லூரி, தனி அணியாகவே எஃப்பிஎஸ்ஸில் நுழையலாமா?

முடியாது. ஒரு கான்ஃபரன்ஸின் முறையான அழைப்பு வேண்டும். லிபர்ட்டிக்கு 2017இல் கிடைத்தது விதிவிலக்கு. இப்போது நுழைவுக் கட்டணமும் 5,000 டாலரிலிருந்து 5 மில்லியனாகிவிட்டது.

கேள்வி: இந்த எண்களை நானே எங்கே சரிபார்ப்பது?

கான்ஃபரன்ஸுகள் லாப நோக்கமற்ற அமைப்புகள். ஆண்டுதோறும் ‘படிவம் 990’ என்ற வரிக்கணக்கு தாக்கல் செய்கின்றன. ஒவ்வோர் உறுப்பினருக்கும் கொடுத்த தொகை அதில் இருக்கும். வெளியாக ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகும், ஆகவே செய்தியில் வரும் ‘இந்த ஆண்டு’ எண் பெரும்பாலும் போன சீசனுடையது. அரசுப் பல்கலைக்கழகம் என்றால் அது என்சிஏஏவுக்குக் கொடுக்கும் நிதி அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்கலாம். ‘ஒளிபரப்பு உரிமை’, ‘கான்ஃபரன்ஸ் பங்கீடு’, ‘உத்தரவாதத் தொகை’ (போய் ஆடுவதற்கு வாங்கும் பணம்) என்று தனித்தனி வரிகள் இருக்கும். யூகானுக்கு அந்த மூன்று வரியையும் பார்த்தால் போதும். நோட்டர் டேமுக்கு ஏசிசியின் 990 மட்டும்தான் கிடைக்கும்.

புதிதாகச் சேர்ந்த அணியைப் பார்க்கும்போது அது முழுப் பங்கா என்றும் பாருங்கள். ஆரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னில் பாதியளவுப் பங்கோடு தொடங்கின. ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் ஏசிசியில் 30 சதவீதத்தோடு சேர்ந்தன. எஸ்எம்யூ 9 ஆண்டுக்கு ஏசிசி டிவி பணமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து உள்ளே வந்தது.