மனைவிக்கு ஏழாவது மாதம். துணி டயபர் வாங்கி வைக்கலாமா, யூஸ் அண்ட் த்ரோவே போதுமா? பயன்படுத்தியவர்கள் சொல்லவும்

வாங்கி வைக்கலாம்.

கேள்வியைப் படித்தால் கேட்டவர் கணவர் என்று தெரிகிறது. வீட்டில் ஒரு டாப் லோடு மெஷின், மொட்டை மாடியில் கொடி கட்ட இடம், துவைக்கும் வேலை மனைவி தலையிலோ உங்கள் அம்மா தலையிலோ விழப்போகிறது என்று நானாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்படித்தான் என்றால், யார் துவைப்பது என்று பேசி முடித்துவிட்டு அப்புறம் ஆர்டர் போடுங்கள். "அவ பாத்துக்குவா" என்பதுதான் உங்கள் பதில் என்றால் யூஸ் அண்ட் த்ரோவே வாங்குங்கள். பிள்ளை பெற்ற உடம்புக்கு அந்த வேலை வேண்டாம்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் க்வாலிட்டி பார்ப்பவன். எங்கள் கம்பெனியில் ஓடுவது பெரியவர்கள் டி-ஷர்ட் மட்டும், டயபர் தைப்பதில்லை. ஆகவே கமிஷனுக்கு எழுதுகிறான் என்று யாரும் கமெண்டில் வர வேண்டாம். இந்தக் கேள்விக்குப் பதில் எழுதிய பாதிப் பேர் "ஒழுகும், காசு தண்டம்" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். துணி ஏன் ஒழுகுகிறது என்று பார்த்துச் சொல்லித்தான் எனக்குச் சம்பளம்.

முதலில் சரக்கைப் பற்றி. வெளிக்கவர் பெரும்பாலும் பியூஎல் துணி. பாலியஸ்டர் நிட் துணியின் உள்பக்கத்தில் பாலியூரித்தேன் படலம் ஒட்டியிருப்பார்கள். கொதிக்கிற தண்ணீரும் இஸ்திரியும் அதற்கு ஆகாது, படலம் உரிந்துவிடும். யானை, கார், கேக் என்று பிரிண்டுக்குத் தகுந்தபடி விலை ஏறும். அதில் மயங்காதீர்கள். மூத்திரத்தைக் குடிப்பது கவர் இல்லை, உள்ளே வைக்கிற இன்சர்ட். காசை அதில் போடுங்கள்.

மைக்ரோஃபைபர் சட்டென்று உறிஞ்சும், சீக்கிரம் காயும், ஆனால் குழந்தை உட்கார்ந்து அழுத்தினால் குடித்ததை வெளியே விட்டுவிடும். தோல்மேல் நேராகப் படவும் கூடாது, தோலை வறட்டிவிடும். காட்டன் டெரி, அதாவது டவல் துணி, நிதானமாக உறிஞ்சும், அழுத்தினாலும் அவ்வளவாக விடாது. ஹெம்ப் என்பது சணல் மாதிரி ஒரு நார், இன்னும் அதிகம் பிடிக்கும், காய்வதற்குத்தான் அரை நாள் ஆகும். இன்சர்ட்டைச் செருக உள்ளே பை வைத்துத் தைத்த பாக்கெட் டைப் கவருக்குள் மேலே மைக்ரோஃபைபர், அடியில் காட்டன் அல்லது ஹெம்ப் என்று வைத்தால் ராத்திரி தாங்கும்.

"ஆர்கானிக் மூங்கில்" என்று ஒன்று விற்பார்கள். மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழையாக இழுத்தால் வருவது விஸ்கோஸ், அதாவது ரேயான். நன்றாக உறிஞ்சும், தொட்டால் பட்டுப்போல இருக்கும், ஈரத்தில் மட்டும் பலம் குறையும். வாங்குவதில் தப்பில்லை, மூங்கில் என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். ரேயானை மூங்கில் என்று லேபிள் போட்டு விற்றதற்காக 2013-இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் அமேசான், மேசிஸ், சியர்ஸ் உட்பட நான்கு நிறுவனங்களிடம் 12.6 லட்சம் டாலர் அபராதம் வாங்கியது. நம் ஊர் லேபிளையும் அதே கண்ணோடு பாருங்கள்.

மாட்டுவதற்கு டிச் பட்டன் வைத்ததே நல்லது. வெல்க்ரோவில் நூலும் முடியும் சிக்கிச் சீக்கிரம் பிடிப்பு போய்விடும். பட்டன் வைத்த கவர் ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மேரியன் டோனவன் என்ற அம்மா குளியலறைத் திரையை வெட்டித் தைத்து, ஊக்குக்குப் பதிலாக டிச் பட்டன் வைத்து, 1951-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

இனி ஒழுகுகிற கதை. பிரசவத்துக்கு என் மனைவி காங்கயம் பக்கம் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். இன்சர்ட்டை எல்லாம் நான் இங்கேயே நாலைந்து முறை துவைத்துக் காயவைத்துத்தான் அனுப்பினேன். புதுக் காட்டனில் இயற்கையான எண்ணெய்ப்பசை இருக்கும், அது போனால்தான் முழுசாக உறிஞ்சும். முதல் ஒரு மாதம் பழைய வேட்டித் துணிதான். பிறந்த குழந்தைக்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை. அப்புறம் டயபருக்கு மாறினோம். மாறிய கொஞ்ச நாளில் ஒரு சீருக்குப் போன இடத்தில், மனைவியின் பெரியப்பா மடியில் பாப்பா இருந்தபோது, அவருடைய பட்டுக்கரை வேட்டி நனைந்துவிட்டது. பெரியப்பா சிரித்துவிட்டார். சிரிக்காதவர் என் அத்தை.

"ஏனுங் மாப்ள, இந்தப் பொதிமூட்டையக் கட்டி உட்டுக் காலும் அகண்டு போயிருமாட்ட இருக்குதுங். ஒழுகவும் ஒழுகுது. எதுக்குங் இது?"

கால் அகலாது. கைக்குழந்தை தொடையை அகட்டி மடக்கிக் கிடப்பது இடுப்பு மூட்டுக்கு நல்லது, நடக்கத் தொடங்கும் வயதில் எல்லாக் குழந்தைக்கும் கால் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும். அதை அத்தையிடம் அன்றைக்கு வாதாடவில்லை. வீட்டுக்கு வந்ததும் கொடியில் கிடந்த ஓர் இன்சர்ட்டை எடுத்தேன். பையில் நான் அனுப்பிப் பிரிக்காமல் இருந்த இன்னொன்றையும் எடுத்துத் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். பாப்பாவின் வைட்டமின் சொட்டு மருந்து டிராப்பரைக் கழுவி, இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு தண்ணீர் விட்டேன். எங்கள் லேபில் உறிஞ்சும் தன்மைக்கு ஏஏடிசிசி 79 என்று ஒரு டெஸ்ட் உண்டு. அதுவும் இதேதான், ஒரு சொட்டும் ஸ்டாப்வாட்சும்.

நான் அனுப்பியதில் சொட்டு விழுந்த இடம் தெரியவில்லை. கொடியில் காய்ந்ததில் சேம்பு இலைமேல் நிற்பது போல உருண்டு நின்றது. விரலால் தள்ளினால் நகர்ந்தது. அத்தை குனிந்து பார்த்தார். அவரும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார்.

"துணி புதுசா இருக்கைல நல்லாத்தானுங் இருந்துச்சு" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "கொளந்த துணி மணக்கட்டும்னு கடைசித் தண்ணில வாசன மருந்து ஊத்துவனுங்" என்றார்.

விஷயம் அதுதான். துணியை மெத்தென்று ஆக்கும் அந்தத் திரவம் இழைமேல் பூச்சாகப் படியும். பூச்சு ஏறிய துணி தண்ணீரைக் குடிக்காது. அதற்குமேல் அங்கே துவைப்பதெல்லாம் போர் தண்ணி, சோப்பு நுரைக்கவே நுரைக்காத உப்புத் தண்ணி. நுரை வரவில்லை என்று பவுடரை அள்ளிப் போட, அதுவும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து துணியில் தங்கிவிடும். துணி விறைக்கும், காலையில் அவிழ்த்தால் கண் எரிகிற மூத்திர நெடி வரும். உடனே "துணி டயபர் நாறும்" என்று எழுதிவிடுவார்கள்.

மறுநாள் நல்ல தண்ணி வந்தது. கை பொறுக்கும் சூட்டில் சோப்பே போடாமல் இன்சர்ட்டை மட்டும் அலசினேன். அதுவரை போட்ட பவுடர் எல்லாம் அன்றைக்குத்தான் நுரைத்தது போலிருந்தது. நுரை நிற்கும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி அலசி, கடைசியாக எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கொஞ்சம் கரைத்து ஊறவைத்து, மறுபடி அலசிக் கொடியில் போட்டேன். துவைக்கிற கல்லில் மாப்பிள்ளை உட்கார்ந்து பீத்துணி அலசுகிறார் என்று தெருவே வந்து பார்த்தது. ஒரு பாட்டி அத்தையிடம், "மாப்ளைக்குக் கம்பெனில வேல போயிருச்சா?" என்று என் காதுபடவே கேட்டார். கேட்டுவிட்டுப் போகட்டும். சாயங்காலம் சொட்டு விட்டுப் பார்த்தோம், நிற்கவில்லை. அத்தை அப்புறம் அந்த வாசனைத் திரவத்தைத் தன் சேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டார்.

ஆகவே உங்கள் வீட்டில் வருவது எந்தத் தண்ணி என்று முதலில் பாருங்கள். உப்புத் தண்ணி என்றால் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணி பிடித்து வையுங்கள். அதுவும் முடியாத ஊர் என்றால் பகலில் வீட்டில் இருக்கும்போது மட்டும் துணி போடுங்கள், யாரும் கேஸ் போட மாட்டார்கள்.

துவைப்பதில் பெரிய வித்தை இல்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் தண்ணீரில் கரைந்துவிடும். சோறு ஊட்டிய பிறகு கக்கூஸில் உதறி, ஹெல்த் ஃபாசெட்டால் அடித்துவிட்டுப் போடுங்கள். முதல் அலசல் பச்சைத் தண்ணீரில். சுடுதண்ணீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். இன்சர்ட் நல்ல வெயிலில், கவர் நிழலில். மஞ்சள் கறையை நம் ஊர் வெயிலே எடுத்துவிடும். சிவந்திருக்கிறது என்று ஜிங்க் களிம்போ வாசலினோ தடவினால் அதுவும் துணியில் பூச்சாகும், நடுவில் மெல்லிசாகப் பழைய வேட்டித் துண்டு ஒன்றைப் போட்டுவிடுங்கள். பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் எதையும் கட்டி வைக்காதீர்கள், யூஸ் அண்ட் த்ரோவாக இருந்தாலும் சரி. சிவப்பு இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள், என்னைப் போன்றவனிடம் கேட்காதீர்கள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் துவைப்பீர்கள் என்றால் 12 முதல் 15 வரை போதும். ஐப்பசி கார்த்திகை அடைமழைக்குக் கூடுதல் கவர் வேண்டாம், இன்சர்ட் மட்டும் கூடுதலாக வாங்குங்கள். "5 முதல் 17 கிலோ வரை ஒரே சைஸ்" என்று போட்டிருக்கும். பிறந்த குழந்தைக்குத் தொடையில் இடைவெளி விழும், முதல் மாதம் எதிர்பார்க்காதீர்கள்.

சுற்றுச்சூழல் பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. துணி என்றாலே பூமி பிழைத்தது என்று கிடையாது. இங்கிலாந்து அரசு 2008-இல் கணக்குப் போட்டபோது, ஒரு குழந்தைக்கு இரண்டரை வருடத்துக்கு யூஸ் அண்ட் த்ரோவுக்கு 550 கிலோ, துணிக்குச் சராசரியாக 570 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வந்தது. காரணம் அங்கே சுடுதண்ணீரும் மின்சார டிரையரும். கொடியில் காயவைத்து, மெஷின் நிறையப் போட்டு, அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் துணியின் கணக்கில் 200 கிலோ குறையும் என்றும் அதிலேயே இருக்கிறது. 2023-இல் வந்த புதிய கணக்கில் துணிதான் 25 சதவீதம் குறைவு. நமக்கோ டிரையரே கிடையாது. குப்பைக் கணக்கு தனி. பயன்படுத்திய டயபரைச் சுற்றிப் போட உறை கொடுக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதியிலேயே கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது. நான் வாங்கிய பாக்கெட்டில் ஒரு உறையும் கண்டதில்லை. தூய்மைப் பணியாளர் அதை வெறும் கையால்தான் பிரித்துப் போடுகிறார்.

ஆமாம், நானும் வாங்கினேன். பஸ் பயணத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் யூஸ் அண்ட் த்ரோதான். அதைப் போடுகிற அம்மாக்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பயணம் என்றதும் ஞாபகம் வருகிறது. கோவையில் ஒரு பெரிய மாலுக்கு நானும் பாப்பாவும் மட்டும் போயிருந்தோம். டயபர் மாற்றும் பலகை பெண்கள் கழிவறைக்குள்தான் இருக்கிறதாம். அங்கே நான் எப்படிப் போவது? செக்யூரிட்டி, "மேடம் வரலீங்களா சார்?" என்று கேட்கிறார். பஸ் ஸ்டாண்டுகளில் 2015-இல் தாய்ப்பால் ஊட்டும் அறை திறந்தார்கள், ரொம்ப நல்ல காரியம், அங்கே ஆண்கள் போகக் கூடாது, சரிதான். அப்பன்காரன் குழந்தையோடு வெளியே வருவான் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் பார்க்கிங்கில் பைக் சீட்டில் துண்டை விரித்து, ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மாற்றினேன். பக்கத்து வண்டிக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றி அவளுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார், புண்ணியவான்.

ஏழாம் மாதம் என்கிறீர்கள், வளைகாப்பு வரும். என்ன வாங்கட்டும் என்று யாராவது கேட்டால் ஸ்வெட்டர் செட் வேண்டாம், காட்டன் டெரி இன்சர்ட் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். கவர் இரண்டு மூன்று மட்டும் இப்போது வாங்குங்கள். மீதியைக் குழந்தையின் தொடை எந்த சைஸ் என்று தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.