பாய்ப்படகின் பாரம் எங்கே இருக்கிறது?

கேள்வி: கொச்சி போல்காட்டித் தீவின் படகுத்துறையில் சுமார் 36 அடி நீளமுள்ள பாய்ப்படகு ஒன்றைக் கண்டேன். இரண்டே பேர் அதில் பல கடல்களைக் கடந்து வந்தார்களாம். எங்கள் வள்ளமும் ஏறக்குறைய அதே நீளம்தான். ஆனால் பேரலையில் கவிழ்ந்துவிடுகிறது. இரண்டின் அமைப்பிலும் என்ன வேறுபாடு?
— ஒரு வாசகர், நீரோடி

பதில்: வேறுபாடு நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. வள்ளத்தைக் கரையேற்ற வேண்டும் என்பதால் அடிப்பாகத்தை ஆழமில்லாமலும் எடை குறைவாகவும் செய்கிறோம். நெடும்பயணப் பாய்ப்படகிலோ, கீல் எனப்படும் அடிக்கட்டையில் ஈயத்தையோ வார்ப்பிரும்பையோ சேர்த்து, மொத்த எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அங்கேயே வைத்துவிடுகிறார்கள். படகு சாயும்போது இந்தப் பாரம் அதை மீண்டும் நிமிர்த்தப் பார்க்கிறது; அலை தலைகீழாகப் புரட்டினாலும், அறைக்குள் நீர் புகாதவரை, பெரும்பாலும் தானாகவே நிமிர்ந்துவிடும். பக்கக் காற்றில் படகு நழுவாமல் தடுப்பதும் இதே கீல்தான். கட்டுமரத்தில் பாய் விரித்து ஓடிய உங்கள் பாட்டனார்கள் பலகையை நீரில் இறக்கிச் செய்த வேலை இது.

படகின் முன்னிருந்து பின்னாக அளந்தால், கீலில் குட்டையானதும் உண்டு, நீண்டதும் உண்டு. குட்டைக் கீல் உள்ள படகு சட்டெனத் திரும்பும், காற்றை எதிர்த்தும் நன்றாக ஏறும். நீண்ட கீல் திசை மாறாமல் ஓடும். சுக்கான் அதன் பின்விளிம்பிலேயே பொருத்தப்படுவதால் வலைக்கயிறு சிக்கும் அபாயமும் குறைவு. வலைகள் நிறைந்த நம் கரையோரத்துக்கு நீண்டதே நல்லது என்பது என் எண்ணம். கேரளத்தைச் சேர்ந்த அபிலாஷ் டோமி, 2022இல் தொடங்கிய கோல்டன் குளோப் போட்டியில், நீண்ட கீல் கொண்ட 36 அடிப் படகில் தனியாக உலகைச் சுற்றி இரண்டாமிடம் பெற்றார். ஆனால் கீல் எல்லாவற்றையும் காத்துவிடாது. 2018 போட்டியில் புயல் அவருடைய படகைப் புரட்டியபோது, படகு நிமிர்ந்தும் பாய்மரம் முறிந்தது. முதுகில் காயமடைந்த அவரை வேறொரு கப்பல் வந்து மீட்க வேண்டியிருந்தது.

கேள்வி: இத்தனை இருந்தும் பாய்ப்படகு எங்கள் விசைப்படகைவிட மெதுவாகத்தான் போகும் என்கிறார்களே?
— ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: உண்மைதான். இவ்வகைப் படகின் வேகத்துக்கு எல்லை வகுப்பது நீர்மட்டத்தில் அதன் நீளம். அந்த நீளம் 27 அடியானால் மணிக்குச் சுமார் 7 கடல் மைல்; அதற்கு மேல், தானே எழுப்பும் அலையை ஏற முடியாமல் திணறும். ஆயினும் நல்ல காற்றிருந்தால், டீசல் எரிக்காமல், இரவும் பகலுமாக ஒரு நாளில் 100 கடல் மைலைத் தாண்டிவிடும்.