பான்ஷீக்கு எந்த நீள ஸ்விங்ஆர்ம்?

மேடேறும்போது முன்சக்கரங்கள் எழும்பும் உங்கள் பான்ஷீக்கு (மணலில் ஓட்டும் நான்கு சக்கர ஏடிவி) 4 அங்குலம் நீண்ட ஸ்விங்ஆர்ம் (பின் ஆக்சிலைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) வாங்குவதா, 10 அங்குலம் நீண்டதா என்று கேட்டிருந்தீர்கள். 4 அங்குலம் நீண்டதையே வாங்குங்கள். 10 அங்குல நீட்டிப்பு நேராக மேடேறும் பந்தய வண்டிக்கு உரியது. மணல்மேடுகளுக்கு இடையே வளைந்தும் ஓட்டுவதாக நீங்கள் எழுதியிருப்பதால், அது உங்களுக்கு ஒத்துவராது.

கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடுகளில் ஏறும்போது உங்கள் யமஹா பான்ஷீயின் முன்சக்கரங்கள் எழும்புவதற்குப் பெரும்பாலும் துடுப்பு போன்ற பட்டைகள் கொண்ட பேடில் டயரே காரணம். அதன் துடுப்புகள் மணலைக் கவ்விப் பிடிக்கும்போது, சக்கரம் வழுக்கி வீணாகியிருக்கும் விசை முழுவதும் வண்டியை முன்னே தள்ளுவதோடு மூக்கையும் தூக்கிவிடுகிறது.

வாங்குமுன் ஒன்றைச் சோதியுங்கள். இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து, மார்பு ஹேண்டில்பாருக்கு மேல் வரும்படி சாய்ந்து அதே மேட்டில் ஏறுங்கள்; முன்பக்கம் தரையிலேயே நின்றால், 4 அங்குலமே தாராளம்.

செயினும் நீள வேண்டும். 520 எனும் அளவுள்ள செயினின் ஒரு கண்ணி 15.875 மில்லிமீட்டர், மேலும் கீழுமாக 8 அங்குலம் கூடுவதால் ஏறத்தாழ 13 கண்ணிகள் தேவைப்படும், இரட்டைப்படையாக 14 சேருங்கள். மாட்டிய பின் முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் அச்சு, பின் ஆக்சில் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்வரை பின்பக்கத்தை அமுக்கி, அந்த நிலையில் தொய்வை அளந்துகொள்ளுங்கள், ஏனெனில் செயின் மிக இறுகுவது அங்கேதான். பின்பிரேக் ஹோஸையும் நீளமானதாக மாற்றாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

ஷாக் (அதிர்வுதாங்கி) பொருந்தும் இடம் மாறாத ஸ்விங்ஆர்ம் என்றால் நெம்புகோல் நீண்டு பின்பக்கம் தணிந்துவிடும். உதாரணமாக, ஸ்விங்ஆர்மின் நீளம் 20 அங்குலத்திலிருந்து 24 ஆனால் சக்கரத்தில் கிடைக்கும் ஸ்பிரிங் விறைப்பு சுமார் 70 சதவீதமாகக் குறைகிறது; ஆகவே விறைப்பான ஸ்பிரிங்குக்கும் பணம் ஒதுக்குங்கள்.