மார்மன் சபையின் (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவு) மிஷனரி இளைஞர்கள் வெளிநாட்டில் ஊழியம் செய்யும்போது வீட்டோடு பேசவே முடியாதா?

முடியும். 2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறை போனிலோ வீடியோ காலிலோ பேசலாம். அதற்கு முன்னால் கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் என்று வருஷத்துக்கு இரண்டே அழைப்புகள், மற்றபடி மின்னஞ்சல்தான். 18 வயசுப் பையனுக்கு 2 வருஷம் அப்படி இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

எந்த நாடு என்பதைச் சபைத் தலைமைதான் முடிவு செய்யும். செலவு பெரும்பாலும் அவனுடையது, இல்லையென்றால் குடும்பத்துடையது. பொதுவாகக் காலை 6.30-க்கு எழுந்து, வேதம் படித்து, வெள்ளைச் சட்டையில் கறுப்புப் பெயர்ப்பட்டையைக் குத்திக்கொண்டு வீடு வீடாகப் பிரசங்கம் செய்ய ஜோடியாகக் கிளம்ப வேண்டும். பட்டையில் ‘எல்டர்’ என்ற பட்டமும் குடும்பப் பெயரும் இருக்கும். எல்டர் என்றால் மூப்பர். மீசை அரும்பும் மூப்பர்!

கூட வரும் ஜோடியையும் அவன் தேர்ந்தெடுப்பதில்லை. கதவுகள் வரிசையாகச் சாத்தப்படும் நாளில் நம்பிக்கை ஆட்டம் கண்டால், புலம்புவதற்குப் பக்கத்தில் அந்த ஜோடி மட்டும்தான்.