யார் செய்வது, எவ்வளவு ஆகும்? முன்மொழிவுக் கட்டுரை பற்றி வாசகர் கேள்விகள்

அன்றாடச் சிக்கல் ஒன்றை எடுத்து, ஆராய்ந்து, தீர்வு சொல்லும் கட்டுரை எழுதுவது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்திருக்கிறோம்.

கே: ‘பிளாஸ்டிக் ஒழிப்பு’ என்று தலைப்பு கொடுத்தேன். ரொம்பப் பெரிசு என்று பேராசிரியர் திருப்பிவிட்டார். எப்படிச் சுருக்குவது? (இளங்கலை மாணவி, திருநெல்வேலி)

ப: கட்டுரையைப் படித்துவிட்டு ‘சரி, செய்யலாம்’ என்று கையெழுத்துப் போடக்கூடிய ஆள் யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்த ஆள் கிடைத்தால் தலைப்பு தானாகச் சுருங்கும். ‘பிளாஸ்டிக்கைத் தடை செய்ய வேண்டும்’ என்று எழுதுவதில் பொருளே இல்லை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. இருந்தும் உங்கள் கல்லூரி கேன்டீனில் பார்சல் சாம்பாரைப் பாலித்தீன் பையில் கட்டித் தருகிறார்களா? அதுதான் தலைப்பு. ஒரு நாளைக்கு எத்தனை பை, யார் வாங்குகிறார்கள், டிபன் பாக்ஸ் கொண்டுவந்தால் என்ன சலுகை கொடுக்கலாம், கேன்டீன் ஒப்பந்தத்தில் எந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்று எழுதிக்கொண்டே போகலாம். கையெழுத்துப் போட வேண்டியவர் கல்லூரி முதல்வர்.

கே: விடுதியில் குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் கழித்து வெளியேற்றும் ரிஜெக்ட் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. அதைப் பற்றி எழுத ஆசை. ஆனால் ‘நிறைய வீணாகிறது’ என்பதைத் தாண்டி எழுத வரவில்லை. (பொறியியல் மாணவர், கோவை)

ப: அருமையான தலைப்பு. இரண்டு வாளியும் ஒரு கைக்கடிகாரமும் போதும்.

குடிநீர் வரும் குழாயின் கீழ் ஒரு வாளி, ரிஜெக்ட் குழாயின் கீழ் ஒரு வாளி. ஒரே நேரத்தில் வைத்துப் பத்து நிமிடம் கழித்து இரண்டையும் எடுத்து, லிட்டர் குறித்த மக்கால் அளந்து எழுதுங்கள். காலை, மதியம், இரவு என மூன்று வேளை, மூன்று நாள் அளங்கள். மேல்தொட்டியின் நீர்மட்டம் மாறினால் அழுத்தம் மாறும். ஃபில்டர் அடைத்திருந்தாலும் அளவு மாறும். ஒரே ஒரு அளவை வைத்து மாதக் கணக்குப் போட்டால் கேள்வி கேட்பவர் அங்கேயே பிடித்துக்கொள்வார்.

எடுத்துக்காட்டுக்கு, பத்து நிமிடத்தில் குடிநீர் 4 லிட்டர், ரிஜெக்ட் 7 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 42 லிட்டர் வெளியே போகிறது. இயந்திரம் நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால் 336 லிட்டர். 30 நாளில் 10,080 லிட்டர். விடுதிக்கு வரும் தண்ணீர் லாரி 12,000 லிட்டர் கொள்ளளவு என்றால், மாதம் கிட்டத்தட்ட ஒரு லாரி சாக்கடைக்குப் போகிறது. இந்த ஒரு வரி போதும். வார்டன் நிமிர்ந்து உட்காருவார். லாரி ரசீது ஒன்றைக் கேட்டு வாங்கி அந்த வரியை ரூபாயிலும் எழுதிவிடுங்கள்.

அடுத்து, அந்தத் தண்ணீர் எதற்கு உதவும்? தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் உள்ளே வரும் தண்ணீரையும் ரிஜெக்ட் தண்ணீரையும் அளங்கள். மேலே சொன்ன கணக்கில், உள்ளே வருவது லிட்டருக்கு 600 மில்லிகிராம் என்றால் ரிஜெக்ட் 900-ஐத் தாண்டும், ஏனென்றால் உப்பெல்லாம் அந்த ஏழு லிட்டரில் தங்கிவிடுகிறது. (குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை.) கழிப்பறைக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம். துணிக்குச் சோப்பு நுரைக்காது, கீசரில் விட்டால் உப்புப் படியும். ‘செடிக்கு ஊற்றலாம்’ என்று எல்லாக் கட்டுரையிலும் வருகிறது, 900 டி.டி.எஸ். தண்ணீரைத் தொட்டிச் செடிக்குத் தினமும் ஊற்றினால் மண்ணில் உப்பு ஏறும். அதை எழுதாமல் விடுவதே நல்லது.

எல்லோரும் சறுக்கும் இடம், ரிஜெக்ட் தண்ணீரைப் பிடிக்கும் டேங்கை வைக்கும் உயரம். ரிஜெக்ட் குழாயிலிருந்து தண்ணீர் தானாக இறங்கி விழ வேண்டும். மேலே ஏற்றினாலோ குழாயை நெரித்தாலோ ரிஜெக்ட் ஓட்டம் குறைந்து, இயந்திரத்துக்குள் தண்ணீரை வடிகட்டும் சவ்வான மெம்பிரேனில் உப்புப் படிந்து சீக்கிரம் கெடும். ஆகவே டேங்கின் வாய் அந்தக் குழாயைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். டேங்கின் அடிக்குழாய்க்குக் கீழே வாளி நுழைய ஒன்றரை அடி இடமும் வேண்டும். இரண்டும் பொருந்துகிறதா என்று டேப் பிடித்துப் பார்க்காமல் எழுதிய திட்டம், பிளம்பர் வந்து நின்றதுமே விழுந்துவிடும்.

செலவுப் பட்டியலில் டேங்க், ஸ்டாண்டு, பைப், எல்போ, அடிக்குழாய், ஓவர்ஃப்ளோ, பிளம்பர் கூலி எல்லாவற்றையும் தனித்தனியாகப் போடுங்கள். இரண்டு ஹார்டுவேர் கடைகளில் விலை எழுதி வாங்கி, எதிர்பாராச் செலவுக்குப் பத்து சதவீதம் சேருங்கள்.

கே: கூகுள் ஃபார்மில் சர்வே எடுத்தேன். 90 சதவீதம் பேர் என் யோசனையை ஆதரிக்கிறார்கள். இது போதுமா?

ப: போதாது. ‘தண்ணீரைச் சேமிக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா?’ என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? அதுவும் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள்தான் நிரப்பியிருப்பார்கள். கருத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள்: ‘கடந்த வாரம் எத்தனை நாள் குளியலறையில் தண்ணீர் வராமல் நின்றது?’ ‘அப்போது என்ன செய்தீர்கள்?’ விடுதியில் நான்கு மாடி என்றால் மாடிக்குப் பத்து அறை, ஐந்தாவது அறை, பத்தாவது அறை என்று முறை வைத்துக் கதவைத் தட்டி நேரில் கேட்பது, கண்டபடி வந்த முந்நூறு பதிலைவிட மேல். எத்தனை பேரிடம் கேட்டீர்கள், எத்தனை பேர் பதில் சொன்னார்கள், எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்று கட்டுரையிலேயே எழுதுங்கள்.

கே: இணையத்தில் ஒரே விஷயத்துக்கு, சென்னை மக்கள்தொகைக்குக்கூட, இரண்டு எண் வருகிறது. எதை எடுப்பது? (ஆசிரியர் பயிற்சி மாணவி, சென்னை)

ப: எண் எதை அளந்தது என்று பாருங்கள். நீங்கள் குறிப்பிட்ட சென்னை மக்கள்தொகையையே எடுத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பின்படி ஓர் இடத்தில் 46 லட்சம் சொச்சம், இன்னோர் இடத்தில் 66 லட்சத்துக்கு மேல். இரண்டும் தவறில்லை. முதலாவது பழைய மாநகராட்சி எல்லைக்குரியது. அதே 2011-இல் சுற்றியிருந்த நகராட்சிகளையும் ஊராட்சிகளையும் சேர்த்து எல்லை 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. இரண்டாவது எண் அதற்குரியது. குப்பை அளவை விரிந்த எல்லைக்கு எடுத்து, ஆள் எண்ணிக்கையைப் பழைய எல்லைக்கு எடுத்து வகுத்தால், தலைக்கு இவ்வளவு குப்பை என்று ஒரு பயங்கரமான பொய் எண் கிடைக்கும்.

செய்தித்தாளில் ‘ஓர் ஆய்வின்படி’ என்று இருந்தால் அந்த ஆய்வைத் தேடிப் பிடியுங்கள். ஏ.ஐ. கருவி தரும் மேற்கோள்களை மூலத்தைத் திறந்து பார்க்காமல் சேர்க்கவே கூடாது. இல்லாத கட்டுரைக்குப் பக்க எண்ணோடு ஆதாரம் கொடுக்கும் பழக்கம் அவற்றுக்கு உண்டு.

கே: தெருவிளக்குப் பற்றி எழுத நகராட்சியில் விவரம் கேட்டால் தர மறுக்கிறார்கள்.

ப: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் மனுப் போடுங்கள். தமிழ்நாட்டில் கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். ‘ஏன் விளக்கு எரியவில்லை?’ என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அலுவலகத்தில் உள்ள பதிவைத்தான் அவர்கள் தர வேண்டும், விளக்கத்தை அல்ல. ‘இத்தனாம் வார்டில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வந்த தெருவிளக்குப் புகார்ப் பதிவேட்டின் நகல், ஒவ்வொரு புகாரும் முடிக்கப்பட்ட தேதி’ என்று கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் அவகாசம், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கட்டுரை சமர்ப்பிக்க மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால் இதை நம்பாதீர்கள். இரவு எட்டு மணிக்குத் தெருவில் நடந்து கம்ப எண்களைக் குறித்து, எரிவது எது, எரியாதது எது என்று நீங்களே ஒரு பட்டியல் போடுங்கள்.

கே: எதிர்வாதத்தைக் கடைசியில் ஒரு பத்தியில் சொன்னால் போதுமா?

ப: யாருடைய எதிர்ப்பு என்பதைப் பொறுத்தது. வார்டன் ‘செலவு’ என்பார்; அதற்குச் செலவுப் பகுதியிலேயே பதில் இருக்கட்டும். உண்மையான எதிர்ப்பு வேலையைச் செய்யப் போகிறவரிடமிருந்து வரும். ரிஜெக்ட் தண்ணீர்த் திட்டத்தில் அவர் துப்புரவுப் பணியாளர். ‘டேங்க் ஒரு மூலையில், கழிப்பறை இன்னொரு மூலையில், வாளியை யார் தூக்குவது?’ என்பார். நியாயமான கேள்வி. எழுதுவதற்கு முன்பே அவரிடம் கேட்டிருந்தால் டேங்கின் இடத்தையே மாற்றியிருப்பீர்கள். ‘கொசு வரும்’ என்பதும் சரியான ஆட்சேபம்தான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே மூடி, ஓவர்ஃப்ளோ வாயில் வலை, வாரம் ஒருமுறை டேங்கைக் காலி செய்து தேய்ப்பது ஆகிய மூன்றும் தீர்வுக்குள்ளேயே வர வேண்டும்.

கே: 1,500 சொல்லில் எந்தப் பகுதிக்கு எவ்வளவு?

ப: தொடக்கம் 100, சிக்கலுக்கான சான்று 350, இதுவரை முயன்றதும் பலிக்காத காரணமும் 250, தீர்வு 450, செலவும் ஆட்சேபங்களும் 300, யார் எப்போது எதைச் செய்வது என்ற முடிவு 50. பலர் சிக்கலுக்கே ஆயிரம் சொல் செலவழித்துவிட்டு, ‘விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட வேண்டும்’ என்று ஒரே வரியில் தீர்வை முடித்துவிடுகிறார்கள். யார் ஏற்படுத்துவது? செய்கிறவர் யார் என்று தெரியாத ஒவ்வொரு வாக்கியத்தையும் அடிக்கோடிட்டு, அங்கே ஓர் ஆளையும் ஒரு தேதியையும் போடுங்கள். போட முடியாத வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

கே: எங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அதை வைத்து ஏதாவது நடக்குமா? (தஞ்சை மாவட்ட வாசகர்)

ப: நடக்கலாம். தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், குளத்துக்குப் பொருத்தமான நாள். கட்டுரையை அப்படியே நீட்டாதீர்கள். ஒரு பக்கத்தில் சிக்கல், அளவு, கேட்பது, செலவு ஆகியவற்றை மட்டும் எழுதி, இரண்டு படம் சேர்த்து ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே கொடுங்கள். கூட்டத்தில் பேசிவிட்டு வந்துவிடாமல், தீர்மானமாகப் பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.